போயிட்டு வரேன்

ஆங்கில மொழியியல் படிக்கிறவர்களின் தொண்டையில் பல்கலைக்கழகம் ஒரு வில்லையைப் பதித்துவிடும். தமிழில் பேசினாலும், ஆங்கிலேயர் எப்படிச் சொல்வார்களோ அதன் நேர் மொழிபெயர்ப்புதான் வாயில் வரும். கடைசிப் பரீட்சை எழுதினால்தான் அதை எடுப்பார்கள்.

அமுதவல்லிக்கு அந்தப் பரீட்சை இன்று. ஸ்காட்லாந்து, ஜமைக்கா என எந்த ஊர் ஆங்கிலத்திலும் அவளுக்கு விடைபெறத் தெரியும். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த அப்பாவிடம் சொல்லிக்கொண்டாள்.

“நான் போறேன், அப்பா.”

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. அம்மா பதறினாள்.

“ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டு என்ன பேச்சுடி இது? போயிட்டு வரேன்னு சொல்லு!”

அமுதவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு முயன்றாள்.

“நான் போறேன்.”

“சரியாச் சொல்லும்மா,” என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

பரீட்சைக்கு நேரமாகிவிட்டது. அவள் மறுகையால் வாயைப் பொத்தியபடி, காலால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.