மெஷினுக்கு மட்டும் ரெஸ்ட்

காக்களூர் கம்பெனியில் அந்த மெஷின் தினமும் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் பத்து நிமிஷம் தானாக நின்றது.

"டீ பிரேக்கை நிறுத்துன நாள்லேர்ந்து இதே பேஜாரு. எவன் வேலைன்னு கண்டுபுடிம்மா," என்றார் மேனேஜர் பார்த்திபன்.

வெளியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் ஷைனி, மெஷினின் சிப்பில் இருந்த புரோகிராமை, அதைப் பிரித்துக் காட்டும் டிஸ்அசெம்பிளரில் திறந்தாள். ஸ்கிரிப்ட் ஓட்டி, மெமரியில் இருந்ததை வரிவரியாகப் படித்தாள். ஓரிடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"யார் வேலையும் இல்ல சார். மெஷின் சூடாவுது. ரெண்டு வேளை ரெஸ்ட் குடுத்தே ஆவணும்."

"சாக்கு சொல்றதுக்கு அது இன்னா மனுஷனா? மெஷினாச்சே! தாராளமா குடுக்கலாம்."

வெளியே ஆபரேட்டர் எபினேசர் தவித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னாம்மா, எதனா தெரிஞ்சிதா?"

"டைமர் செட் பண்ணது சரி. அதுக்குப் பாஸ்வேர்டா பெத்த பொண்ணு என் பேரையா வெப்ப, நைனா?"