சீல் வைத்த தண்ணீர்

"தண்ணிய வெச்சிக்கினு தராதவன் மனுஷனாய்யா?"

காசிநாதன் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. யாரைச் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது சீட்டில் ஒரு கேனை மடியில் கட்டிப்பிடித்திருந்த சர்ச் உபதேசியார் ஞானாபரணம் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

எண்பத்தேழு புரட்டாசி. இடஒதுக்கீட்டுப் போராட்டம். வடக்கனந்தல் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப் போட்ட புளியமரம். அது கரண்ட் கம்பி மேல் சாய்ந்ததில் கொல்லைக் கிணற்று மோட்டார் எதுவும் ஓடவில்லை. தண்ணீர் தேடிப் போன கண்டக்டரை மூன்று மணி நேரமாகக் காணோம்.

காசிநாதன் மகள் மலர்விழிக்கு ஐந்து வயது. காய்ச்சல். கள்ளக்குறிச்சி டாக்டரிடம் போகிற வழி. "அப்பா, தண்ணி" என்று முனகியதும் இப்போது நின்றுவிட்டது.

மலையில் கடுக்காயும் தேனும் வாங்கி விற்கிறவன் காசிநாதன். எவனாவது 'இல்லை' என்றால், விலை பத்தவில்லை என்றுதான் அவனுக்கு அர்த்தம்.

"ஒரு டம்ளர் குடுங்க. ஒரு டின் தேன் தரேன்."

"இது குடிக்கிற தண்ணி இல்லீங்க."

"ரெண்டு டின்."

"சொன்னா கேளுங்க. வேணாங்க."

"மலையெறங்கி வர்ற வழியில இன்னா சொன்னீரு? தொண்டைத் தாகத்துக்கும் உசுருத் தாகத்துக்கும் வேதத்துக் கிரேக்கத்துல ஒரே சொல்லு, திப்சாவோ. ஏசு சிலுவையில கேட்டதும் அதானாம், நியாயத்துக்குத் தவிக்கிறதும் அதானாம். எம் பொண்ணு தொண்டைக்கு மட்டும் அந்தச் சொல்லு ஆவாதா?"

"ஞானஸ்நானத்துக்கு வெச்சிருக்காருப்பா!" பின் சீட்டில் சிரிப்பு.

காசிநாதன் கேனைப் பிடுங்கினான். மூடியில் இருந்த அரக்கு சீல் உடைந்து தெறித்தது. மூடியில் ஊற்றிப் பிள்ளை வாயருகே கொண்டுபோனான்.

உபதேசியார் பாய்ந்து தட்டிவிட்டார். மூடி பறந்தது. பிள்ளை வீறிட்டாள்.

காசிநாதன் அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்த ஆள் அழுதுகொண்டிருந்தார்.

"எங்க மலை ஊத்துத் தண்ணிங்க. இதைக் குடிச்சித்தான் இந்த ஆடியில மூணு புள்ளைங்கள வாரிக் குடுத்தோம். பஸ்ல சொன்னா, வாந்திபேதி ஊர்க்காரன்னு எறக்கி வுட்ருவாங்களேன்னு வாயத் தொறக்கல. வேற கிணறு வேணும்னு நாலு வருஷமா கள்ளக்குறிச்சி கவர்மெண்டு ஆபீசுக்கு நடக்கறேன். சீல் வெச்சி எடுத்துக்கினு வா, பரிசோதனை பண்றோம்னாங்க. போன தபா சீல் வுட்டுப்போச்சின்னு திருப்பிட்டாங்க. இப்பவும்..."

சிதறிக் கிடந்த அரக்கைப் பார்த்தார்.

காசிநாதன் ஓங்கிய கையை இறக்கினான். "இப்ப மலையில இன்னாத்த குடிக்கிறாங்க?"

"இதையேதாங்க."

அதற்குள் கண்டக்டர் குடத்தோடு வந்தார். மலர்விழி நாலு டம்ளர் குடித்தாள். பிள்ளையை இவன் தோளிலும் கேனை அவர் தோளிலும் போட்டுக்கொண்டு, மரத்தைத் தாண்டி இருவரும் நடந்தார்கள்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. காசிநாதன் உபதேசியாரோடு ஆபீசுக்குப் போனான்.

அதிகாரி கேனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சீல் உடைஞ்சிருக்கே. புதுசா எடுத்துட்டு வாங்க."

"உடைச்சவன் நானு."

மேஜை மேல் இருந்த அவருடைய டம்ளரை எடுத்து, நல்ல தண்ணீரை ஜன்னல் வழியே கொட்டினான் காசிநாதன். கேனிலிருந்து ரொப்பி அவர் முன்னால் வைத்தான்.

"இதை நீங்க குடிச்சிட்டா நாங்க போயிடறோம். குடிக்க மாட்டீங்கன்னா, கிணத்துக்கு இன்னிக்கே கையெழுத்துப் போடுங்க. இதுக்கு மேல பேரம் கெடையாது. சொல்லுங்க சார், குடிக்கிறீங்களா, வெட்டித் தர்றீங்களா?"