நேராகும் பச்சைக் கோடு

ரிப்பேர் கடையின் பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் நுழைந்து, வெயில் தரையில் சோம்பிக் கிடக்கிறது. மின்னழுத்தத்தைக் கோடாகக் காட்டும் பழைய ஆசிலாஸ்கோப்பைத் திறந்துபோட்டு அக்கா குனிந்திருக்கிறாள். திரையில் நேராக நிற்கவேண்டிய பச்சைக் கோடு தண்ணீர்போல் நெளிந்துகொண்டே இருக்கிறது. வாசலில் தராசோடு பழைய இரும்பு வாங்குகிறவர். "அவரு எவ்வளவு நேரம்க்கா நிப்பாரு? எடைக்குப் போட்டுத் தொலையேன்," என்கிறாள் தங்கை. அக்கா சுவிட்சை அணைத்து, மின்சாரத்தைச் சீராக்கும் கண்டென்சர்களில் வீங்கிப்போன ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பற்றவைக்கிறாள். ஈயப்புகை வெயிலில் ஏறி மிதக்கிறது. மறுபடி சுவிட்சைப் போடுகிறாள். கண்ணாடிக்குள் பச்சை மெல்ல ஊறிவந்து, தூங்கிப்போனதுபோல் நேராக நீள்கிறது. இரும்புக்காரர் தலையை உள்ளே நீட்டுகிறார். "என்னம்மா, கோடு படுத்துருச்சு? உயிர் போயிருச்சா?" நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்காமல், திரையைப் பார்த்தபடியே அக்கா சொல்கிறாள்: "இப்பதாண்ணே வந்திருக்கு."