லேட்டாக விழுந்த அடி

இரும்புலியூரில் கோதண்டத்தின் நாற்பது வருட பேண்டு செட்டைத் தேடிக்கொண்டு, பிரபல இசையமைப்பாளர் இளமாறனே நேரில் வந்துவிட்டார்.

“அண்ணா, போன வருஷம் ஒரு கல்யாண ஊர்வலத்துல உங்க வாசிப்பைக் கேட்டேன். ஒவ்வொரு வரி முடிஞ்சதும் ஒரே ஒரு டிரம் அடி, கொஞ்சம் லேட்டா விழுது பாருங்க, அதை அப்படியே என் புதுப் பாட்டுல வச்சேன். செம ஹிட்டு. அடிச்சவரைப் பார்க்கணும்.”

வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சார், அந்த அடி எங்க ஏகநாதனோடது. அவன் செத்து ஆறு வருஷமாவுது. அவனுக்கோசரம் அந்த எடத்துல நாங்க யாரும் அடிக்காம வெறுமனே வுட்டுடுவோம்,” என்றார் கோதண்டம்.

“இல்லையே, தெளிவா கேட்டேனே!”

கோதண்டம் மற்றவர்களிடம் திரும்பினார்.

“டேய், இன்னும் லேட்டாத்தான்டா அடிக்கிறான்.”