எவ்வளவு தூரம்

அவள் மூக்கின் மேல் கனத்தது, பவர் பார்க்கிற அந்த இரும்புக் கண்ணாடி.

கடைப் பெண் அதில் வட்டக் கண்ணாடிச் சில்லுகளைச் செருகினாள், உருவினாள், வேறொன்றைச் செருகினாள்.

"இது தெளிவா இருக்கா? இல்ல இதுவா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"மொதல்ல போட்டதே நல்லாருக்கும்மா."

கணவர். அவள் கண்ணுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தவர் மாதிரி சொன்னார்.

கடைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சீட்டில் எழுதியபடியே விளக்கினாள். தூரத்துக்கும் பவர் இருக்கிறது. கிட்டத்துக்கும் இருக்கிறது. இரண்டையும் ஒரே லென்ஸில் போடலாம். நடுவே கோடு தெரிகிறதும் உண்டு, தெரியாததும் உண்டு. கிட்டத்துக்கு மட்டும் போதுமென்றால் அதுவும் சரிதான்.

"மேடம், நீங்க எவ்வளவு தூரம் பார்க்க வேண்டியிருக்கும்?"

கேள்வி அவளிடம்தான் கேட்கப்பட்டது.

"அவ எங்கம்மா தூரத்துல பார்க்கப் போறா? வீட்டுலதானே இருக்கா. அரிசியில கல்லு தெரிஞ்சாப் போதும். கிட்டத்துக்கு மட்டும் போட்டுருங்க."

ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கல் கடிபட்டு அவருடைய கடைவாய்ப் பல் கூசியது. திங்கட்கிழமையே கடைக்குக் கூட்டிவந்துவிட்டார். அவளுக்குக் கண் மங்கிப் பத்து வருஷமாகிறது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியில், ஃபிரேம்கள் அடுக்கியிருந்த பக்கம் அவர் நகர்ந்தார்.



போன வியாழக்கிழமை சேதி வந்தது. வேப்பனூரில் அக்கா தனபாக்கியம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தூக்கி உட்கார வைக்கக்கூட ஆளில்லை. மகள் பிரசவத்துக்கு மாமியார் வீட்டில் இருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் அக்கா ஒன்றுதான் கேட்கிறாளாம்.

தங்கச்சி வருவாளா?

கணவர் அந்த வாசலை மிதிக்க மாட்டார். அக்கா மகள் கல்யாணத்தில் அவரை முதல் பந்தியில் யாரும் உட்கார வைக்கவில்லை. இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார். அவர் இலைக்கு வரும்போது வடை தீர்ந்துவிட்டது.

ஒரு வடைக்கு நாலு வருஷம்.

நான் மட்டும் போய்விட்டு வரட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"பஸ் போர்டே உனக்குத் தெரியாது. எதுலயாவது மாறி ஏறி, எங்கயாவது போய் முழிச்சுக்கிட்டு நிப்ப."

நிதானமாகச் சொன்னார். அக்கறையாகக்கூடச் சொன்னார்.

போர்டு தெரியாததால் அவள் எங்கும் போக முடியாது.

எங்கும் போகாதவளுக்குத் தூரக் கண்ணாடி எதற்கு?

இரண்டையும் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

"சார் சொல்றது இருக்கட்டும் மேடம். தூரத்தையும் ஒரு தடவ பார்த்துருவோம். எல்லாருக்கும் பார்க்கிறதுதான்."

கடைப் பெண் சில்லுகளை மாற்றினாள். முழங்கையைப் பிடித்து மெதுவாக வாசல் வரை நடத்திக்கொண்டு போனாள்.

"கீழ பார்க்காதீங்க. ரோட்டைப் பாருங்க."

பார்த்தாள்.

எதிர் டீக்கடையில் ஆற்றுகிற டீயின் நுரை தெரிந்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையின் கழுத்துச் சாம்பல் தெரிந்தது. இவ்வளவும் இங்கேயேதான் இருந்திருக்கின்றன. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் மறுபடி மங்கிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

டீக்கடைக்குப் பக்கத்தில் பேருந்து நிலையம். வாயிலில் ஒரு டவுன் பஸ் நின்றது. முகப்பில் ரோஸ் வண்ணம். நெற்றியில் போர்டு.

வே.

ப்.

இமைக்காமல் படித்தாள்.

போர்டுக்குக் கீழே கண்ணாடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. அதையும் படித்தாள். மகளிருக்குக் கட்டணமில்லை.

ஓட்டுநர் படியேறிக்கொண்டிருந்தார்.

"எதுவரைக்கும் தெரியுது மேடம்?"

"வேப்பனூர் வரைக்கும்."

நாலு வருஷமாகக் கணவர் காதுபட அவள் வாயில் வராத பெயர். உள்ளே திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் பார்க்கிற கண்ணாடி முன் நின்று, அவளுக்காக எடுத்த பழுப்பு ஃபிரேமைத் தன் முகத்தில் மாட்டி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தார். கேட்டதாகத் தெரியவில்லை.

இரும்புக் கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றிக் கடைப் பெண்ணிடம் கொடுத்தாள்.

ரோடு மறுபடி கலங்கிப்போனது. நுரை போயிற்று, காக்கை போயிற்று. எதிரே ரோஸ் நிறத்தில் ஏதோ ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

அது எதுவென்று அவளுக்குத் தெரியும்.

கால்விரலால் துழாவித் தன் செருப்பைக் கண்டுபிடித்தாள்.

"அப்போ லென்ஸ் எது மேடம் போடட்டும்? கிட்டத்துக்கு மட்டுமா?"

அவள் முதல் படியில் இறங்கியிருந்தாள்.

"போயிட்டு வந்து சொல்றேம்மா."