பழுது நீங்கிய பக்கம்

அன்று கடலூர் மஞ்சக்குப்பத்து மாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், சுப்பராயலு. என் மனைவி மங்கலம். என் தம்பி மகன் ஜெயப்பிரகாஷ். இணையதளங்களைப் பழுது பார்க்கும் சினேகா. ஐந்தாவதாக யாரும் இல்லை. நேரில் பார்த்தேன் என்று வேறு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு ஓர் இணையதளம் உண்டு. காட்டுமன்னார்கோயிலைச் சுற்றியுள்ள பங்காளிகள் அத்தனை பேரின் வம்சாவளியும் அதில் இருக்கிறது. திருவிழாவில் அதைப் பார்த்துத்தான் மைக்கில் பெயர் வாசிப்பார்கள். ஜெயப்பிரகாஷ் கல்லூரியில் படித்தபோது எழுதிய தளம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதிலிருந்து ஒரு பெயரை எடுக்கச் சொன்னேன். என் மகள் இலக்கியாவின் பெயர். எங்களைக் கேட்காமல், பிச்சாவரம் பக்கத்து மீனவக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள்.

ஜெயப்பிரகாஷ் அந்தப் பெயரை அழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு குறி மட்டும் போட்டு வைத்தான். பட்டியலைக் காட்டும்போது ஒரு சிறு நிரல் அந்தக் குறியைப் பார்த்து, அந்தப் பெயரை மட்டும் தாண்டிப் போகும். ஹெல்பர் என்று அதைச் சொல்கிறார்கள். ஒன்பது ஆண்டும் அது ஒழுங்காகத் தாண்டியது.

சென்ற மாதம் ஜெயப்பிரகாஷ் தளத்துக்கு அஸ்திவாரமாக இருக்கும் ஃபிரேம்வொர்க்கைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றினான். மறுநாள் பார்த்தால் திருவிழாத் தேதியில் நாளும் மாதமும் இடம் மாறி நின்றன. என் தகப்பனார் பெயருக்கும் பாட்டனார் பெயருக்கும் நடுவில் ஏதேதோ ஆங்கிலக் குறிகள் முளைத்திருந்தன. என் பெயருக்குக் கீழே, இரண்டு மகன்களுக்கும் அடுத்து, இலக்கியா.

காலையிலேயே மங்கலத்தின் தம்பி ஞானசேகரன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"என்ன மாமா, பொண்ணு நெட்ல வந்துடுச்சு. வூட்டுக்கு எப்ப வரும்?"

எங்கள் வீட்டைப் பற்றி அடுத்தவர் சிரிக்க நான் இடம் கொடுத்தவனில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, சினேகாவைப் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்து ஏறினேன். கூப்பிடாமலே மங்கலமும் வந்தாள்.

சினேகா எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யாருங்க இத எழுதுனது?" என்றார்.

"நான்தான் மேடம். நான் எழுதுனதுல தப்பில்ல. அடியில இருக்கற ஃபிரேம்வொர்க்க, அத செஞ்சவங்க மாத்திட்டாங்க" என்றான் ஜெயப்பிரகாஷ்.

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க."

தேதி பத்து நிமிடத்தில் சரியானது. ஆங்கிலக் குறிகள் மறைந்தன. பிறகு வம்சாவளிக்கு வந்தார். ஜெயப்பிரகாஷ் வைத்த அதே பெயரில் புதிய வெர்ஷனிலும் ஒரு ஹெல்பர் இருக்கிறதாம். இவனுடையதை ஓரங்கட்டிவிட்டு அது வேலை பார்த்திருக்கிறது. எங்கள் குறி அதற்குத் தெரியாது. இருக்கிற பெயர்களை எல்லாம் காட்டிவிட்டது.

சினேகா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"ஐயா, சரிபண்றதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எழுதி வெச்சுருவேன். உங்க புள்ளைங்க பேரு எப்படி வரணுமோ வரிசையா சொல்லுங்க. நாளைக்கு யாரு எத மாத்தினாலும், நீங்க சொன்னதுல ஒண்ணு கொறஞ்சா சிஸ்டம் கத்தும்."

பழையபடி வரட்டும் என்று சொல்லத்தான் அங்கே போயிருந்தேன்.

மூத்தவன் பெயரைச் சொன்னேன். தட்டச்சு செய்தார். இளையவன் பெயரைச் சொன்னேன். அதையும் செய்தார்.

மங்கலம் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள். குடிக்கவில்லை.

"அவ்ளோதானுங்களா ஐயா?"

ரேஷன் அட்டைக்குப் பெயர் கேட்பதுபோலத்தான் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்பது ஆண்டுகளில் எனக்குப் புத்தி சொல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அதற்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

கால் மணி நேரத்தில் திரையில் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. எல்லாம் சரி என்று அர்த்தமாம்.

எழுந்து நின்று கைகூப்பினேன். வயதில் சிறியவர்களைக் கும்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. சினேகா பதறிப்போய் எழுந்தார்.

"ஐயோ, இன்னாங்க ஐயா இது! நாலே வரிதாங்க மாத்துனேன்."

நான் கையை இறக்க அவசரப்படவில்லை.

திரும்பும் பேருந்தில் மங்கலம் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நாற்பத்து மூன்று ஆண்டுகளில், நாலு பேர் பார்க்க, அவள் அப்படிச் செய்ததில்லை. சிதம்பரம் வரும்வரை நான் அசையவில்லை.

இப்போது பங்காளிகள் நடுவே ஒரு பேச்சு நடக்கிறது. தளத்தில் இலக்கியாவின் பெயர் இன்னும் தெரிகிறதாம். பழுது தீரவில்லையாம். கிழவர் கடலூர் வரை போய் ஏமாந்து வந்தாராம்.

அது தவறு. பழுது அன்றே தீர்ந்தது.

பழுதினால் வந்தது அவள் பெயர் மட்டும். அவள் கணவன் பெயர் எந்தக் காலத்திலும் அந்தத் தளத்தில் இருந்ததில்லை. இல்லாத பெயரை எந்த ஹெல்பரும் காட்டாது. இலக்கியாவுக்குப் பக்கத்தில் இப்போது ஜெயசீலன் என்று இருக்கிறதே, அதை எழுத்தெழுத்தாகச் சொன்னவன் நான்.