எழுபது விழுக்காடு

அந்தத் துணிக்கடையில், விற்பனைப் பெண்ணின் மூத்திரப்பை எழுபது விழுக்காடு நிரம்பினால்தான் கழிப்பறைக் கதவு திறக்கும். இடுப்புப் பட்டை அளந்து சொல்லிவிடும். கர்ப்பப்பையை எடுத்த ஆபரேஷனில் சகாயமேரிக்கு மூத்திரப்பையிலும் கத்தி பட்டுவிட்டது. தைத்த இடம் ஆறாமல் ஒழுகிக்கொண்டே இருந்தது. பை நிரம்பினால்தானே!

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மதியத்துக்குள் நாப்கின் தொப்பலாகிவிட்டது.

"சார், ஒரு அவசரம். கதவைத் திறந்துவிடச் சொல்லுங்க."

"பதினெட்டுதாம்மா காட்டுது," என்றார் மேலாளர் தங்கதுரை. "இதுல என்ன அவசரம்?"

கால்களை இறுக்கிக்கொண்டு அவள் புடவைகளை விரித்துக் காட்டினாள்.

சாயங்காலம் எல்லாரையும் கூட்டி மேலாளர் சொன்னார்: "மேரியைப் பாருங்க. காலையிலேர்ந்து ஒரு தடவைகூடப் போகல. இப்படி முன்னால வாம்மா!"

கைதட்டல் எழுந்தது. சகாயமேரி நகரவில்லை. நகர்ந்தால், நின்ற இடத்தில் தேங்கியிருப்பது தெரிந்துவிடும்.